கிரைண்டர் வாங்கப் போகும்போது கழுவுகிறவரைக் கூட்டிப் போங்கள்

கடையில் வெட் கிரைண்டரை ஓட்டிக் காட்டும்போது டிரம்மில் அரை டம்ளர் தண்ணீர்தான் இருக்கும். சுவிட்சைப் போட்டதும் கல் உருளும். "பாருங்க சார், எவ்வளவு ஸ்மூத்" என்பார் விற்பனையாளர். மோட்டார், வாட்ஸ், வாரண்டி எல்லாம் சாரிடம். "கலர் மேடம் சொல்லட்டும்" என்பதோடு மேடத்தின் பங்கு முடிந்தது. மூன்று நிமிட டெமோ. அதில் வராதது கடைசி இருபது நிமிடம்: மாவை வழித்து, கல்லைக் கழற்றி, இடுக்கில் ஒட்டிய உளுந்தைச் சுரண்டி, டிரம்மைக் கவிழ்த்துக் காயவைத்து, மேடையையும் தரையையும் துடைத்து முடிக்கிற நேரம். கிரைண்டருக்கு மார்க் போட வேண்டிய இடம் அது.

இங்கே எடுத்துக்கொண்டது வீட்டு உபயோகத்துக்கான 2 லிட்டர் டேபிள் டாப். டிரம்மைத் தூக்கி எடுக்கிற சாதா மாடல் ஒன்று, டிரம்மை இருந்த இடத்திலேயே சாய்த்து மாவை எடுக்கிற டில்டிங் மாடல் இன்னொன்று. இரண்டிலும் மோட்டார் பெரும்பாலும் 150 வாட்ஸ். சாதா மாடல் சுமார் 4,000 முதல் 6,000 ரூபாய்க்குள் கிடைக்கும், டில்டிங் அதைவிட ஆயிரம் இரண்டாயிரம் கூட. கம்பெனிப் பெயரை வைத்துச் சண்டை போட இதில் பெரிதாக ஒன்றுமில்லை. கல், பெல்ட், மோட்டார் மூன்றும் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே ஏற்பாடுதான். வித்தியாசம் தெரிவது தூக்கும்போதும் கழுவும்போதும். அந்த வேலை யாருடையது என்பது வீட்டில் முன்னமே முடிவாகிவிட்டதால், கடையில் அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அரைப்பில் குறை சொல்ல இடமில்லை. 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கிய மெஷின் இது. 2005-06-இல் 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்று புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல்லுக்குத் தனிப் பெயர் உண்டு. ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுற்றும்; கிரைண்டரில் அது தலைகீழ். அடிக்கல்லோடு டிரம் சுற்றுகிறது, மேலே இருக்கிற உருளைக் கற்கள் இருந்த இடத்திலேயே உருள்கின்றன. ஆட்டுக்கல்லில் உட்கார்ந்த பெண்ணுக்கு இரண்டு கைக்கும் வேலை இருந்தது. வலது கை குழவியைச் சுற்றும், இடது கை மாவைக் குழிக்குள் தள்ளும். மெஷினில் வலது கைக்குப் பதில் மோட்டார், இடது கைக்குப் பதில் டிரம்மின் ஓரத்தை உரசிக்கொண்டு நிற்கிற அந்தச் சின்ன நைலான் வைப்பர். இரண்டு கை வேலையும் போயிற்று, அது பெரிய விடுதலைதான். ஆனால் போனது அந்த இரண்டு கை வேலை மட்டும். அரிசி தீரும் முன் வாங்குவது, மத்தியானமே நினைவு வைத்து ஊறப்போடுவது, பதம் பார்ப்பது, வழிப்பது, கழுவுவது, பொங்கி வழிந்தால் துடைப்பது எல்லாம் ஆட்டுக்கல் காலத்தில் யாரிடம் இருந்ததோ அவரிடமே இருக்கிறது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தைத் தொடங்கியபோது சொன்ன காரணம் பெண்களின் வேலைப்பளு. அந்தத் திட்டத்தைக் கேலி செய்தவர்களில் ஆட்டுக்கல்லில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் குறைவு. கிரைண்டர் வசதியான வீட்டுச் சாமானாக இருந்த நிலையை அது மாற்றியது, சந்தேகமில்லை. கூடவே, கிரைண்டர் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட பொருள் என்பதும் இன்னும் உறுதியாயிற்று. 2019-இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் சராசரியாக 299 நிமிடம், செய்கிற ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். செய்கிற ஆண்கள் என்பதைக் கவனியுங்கள். அந்த வேலையில் கையே வைக்காதவர்கள் இந்த 97-இல் சேர்த்தி இல்லை, அவர்கள்தான் ஆண்களில் பெரும்பான்மை.

இனி மெஷினுக்கு வருவோம்.

பெயர் டேபிள் டாப். பெரும்பாலான வீடுகளில் அது இருப்பதோ தரையில், சமையல் மேடைக்குக் கீழே, கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில். மொத்த எடை மாடலைப் பொறுத்து 10 முதல் 16 கிலோ வரை. மேடையில் நிரந்தரமாக வைத்தால் ஓர் அடுப்பு அளவு இடம் போய்விடும், தேவைப்படும்போது தூக்கி வைக்கலாம் என்றால் இடுப்பு போய்விடும். அதனால் தரையில் வைத்து, குந்தி உட்கார்ந்து மூடியைத் திறந்து, குனிந்து தண்ணீர் தெளித்து, டிரம்மைத் தரையிலிருந்து தூக்கி எழுந்திருக்கிறார்கள். ஆட்டுக்கல்லுக்கு உட்கார்ந்த அதே உட்காரல். கிரைண்டர் வாங்கும் பட்ஜெட்டில் ஓர் ஆயிரம் ரூபாயை ஒதுக்கி முழங்கால் உயரத்துக்கு ஓர் இரும்பு ஸ்டாண்ட் செய்துகொள்வது டில்டிங், டைமர் எல்லாவற்றையும்விட உருப்படியான செலவு. ஸ்டாண்டின் நான்கு காலுக்கும் ரப்பர் புஷ் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அதிர்வில் மெஷின் நகரும், கீழ் வீட்டுக்காரர் மேலே வருவார்.

டிரம்மின் எடையைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். வெறும் டிரம்மைத் தூக்கிப் பார்ப்பது போதாது, உருளைக் கல்லையும் உள்ளே வைத்துத் தூக்க வேண்டும். அதில் இருக்கப்போகிற மாவின் எடையையும் மனதில் கூட்டிக்கொள்ளுங்கள். ஈரக் கையோடு, வழுக்குகிற ஸ்டீல் விளிம்பைப் பிடித்து, சிங்க் வரை நடக்க முடியுமா என்பதுதான் கேள்வி. சில டிரம்களில் பக்கவாட்டில் கைப்பிடி இருக்கும், சிலவற்றில் விளிம்பு மட்டும்தான். விளிம்பு மட்டும் உள்ளதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

"தூக்கறது மட்டும் அவர் பண்ணுவார்" என்று ஓர் ஏற்பாடு பல வீடுகளில் உண்டு. ஒரு நிமிட வேலை. தூக்கிக் கொடுத்துவிட்டுப் போனால் 'கிரைண்டர் வேலைல ஹெல்ப் பண்றேன்' என்ற பெயர் கிடைத்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்கிற வேலையில் அந்த ஒரு நிமிடத்துக்காக அவர் டிவி முன்னாலிருந்து எழுந்து வரும் வரை மாவு டிரம்மில் காத்திருக்கும். உளுந்து மாவு காத்திருந்தால் கல்லில் இறுகிப் பிடிக்கும், பிறகு கழுவுவதில் பத்து நிமிடம் கூடும். இந்த ஹெல்ப்பின் நிகரக் கணக்கு நஷ்டம்.

எடைக்குத் தீர்வு என்றுதான் டில்டிங் மாடலை விற்கிறார்கள், "லேடீஸ் தூக்கவே வேண்டாம்" என்று. லீவரைத் தளர்த்தினால் டிரம் முன்பக்கம் சாயும், மாவு விளிம்பு வழியாக வழியும். அரிசி மாவு நன்றாக வரும். உளுந்து மாவு வராது. பொங்கப் பொங்க ஆட்டிய உளுந்து வெண்ணெய் மாதிரி கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும், கையால்தான் வழிக்க வேண்டும். சாய்ந்த டிரம்மின் பின்பக்க அடியில் இரண்டு கைப்பிடி மாவு எப்படியும் தங்கும். டிரம் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கழுவப்படுவதால், செம்பில் தண்ணீர் ஊற்றி, சுற்றவிட்டு, சாய்த்து, பாத்திரத்தில் பிடித்து, மறுபடி ஊற்ற வேண்டும். குறைந்தது மூன்று தடவை. சாயும் கீலில் மாவு இறங்கினால் காய்ந்து லீவர் இறுகும். தரையில் வைத்தால் டில்டிங்கால் பாதிப் பயன்தான், ஏனென்றால் சாய்ந்த விளிம்புக்கு அடியில் ஆழமில்லாத தட்டுதான் நுழையும், மாவுத் தூக்கு நுழையாது. மேடையின் ஓரத்தில் நிரந்தரமாக இரண்டடி இடமும் பக்கத்திலேயே சிங்கும் இருக்கிற வீட்டுக்கு, அல்லது முதுகு, மணிக்கட்டு, அறுவை சிகிச்சை என்று தூக்கவே கூடாதவர்களுக்கு டில்டிங் சரி. மற்றவர்கள் சாதா மாடலையே வாங்கலாம். டிரம்மைக் கழற்றிக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவ முடிவதுதான் இருபது நிமிடத்தைப் பன்னிரண்டாகக் குறைக்கிறது.

கழுவ எளிதா என்பதைக் கடையில் சோதிக்க வழி உண்டு. உருளைக் கல் செட்டைக் கழற்றிப் பார்க்கக் கேளுங்கள். ஒரு கையால் பூட்டை விடுவித்து மறு கையால் தூக்க முடிய வேண்டும், ஸ்க்ரூ திருகிக் கழற்றுகிற மாதிரி இருந்தால் வேண்டாம். மூன்று கல் உள்ளதைவிட இரண்டு கல் உள்ளதைக் கழுவுவது எளிது. வீட்டு அளவுக்கு மாவின் தரத்தில் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. டிரம்மின் நடுத்தண்டைச் சுற்றி விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறதா, அடிக்கல்லும் ஸ்டீலும் சேருமிடம் மழமழவென்று இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டினால் உளுந்தும் மாட்டும். இந்தச் சோதனையைத் தினமும் கழுவுகிறவர்தான் செய்ய வேண்டும், அவர் மனைவியோ, அம்மாவோ, வேலைக்கு வரும் அக்காவோ. வேலைக்கு வருகிறவர் கிரைண்டர் கழுவ மாட்டேன் என்று சொல்கிற வீட்டில், அதற்கான காரணம் பெரும்பாலும் இந்த இடுக்கில் இருக்கும். பேசிய வேலையில் பாத்திரம் உண்டு, கிரைண்டர் இல்லை. சேர்த்துச் செய்யச் சொல்வதென்றால் சேர்த்துப் பணம் பேசுவதுதான் முறை.

இப்போது பதம். கிரைண்டர் வேலை கைமாறாமல் இருப்பதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம், "அவருக்குப் பதம் தெரியாது." கைப்பக்குவம் என்று பெருமையாகச் சொல்கிற வார்த்தைதான் பெண்ணை அதே இடத்தில் உட்கார வைக்கிற கயிறும். மாமியாரிடமிருந்து மருமகளுக்கு வந்து, மகளுக்குப் போகிறது, நடுவில் மகனைத் தாண்டிவிடுகிறது. ஓட்டலில் இதே மாவை மூட்டைக் கணக்கில் ஆட்டுகிறவர்களில் எத்தனையோ பேர் ஆண்கள், அவர்கள் யாருக்கும் கைப்பக்குவம் பிறவியில் வந்ததில்லை, அளவு தெரியும், அவ்வளவுதான். அந்த அளவைத் தாளில் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் வேலையை யாரும் செய்யலாம். 2 லிட்டர் டிரம்முக்கு இது சரியாக வரும்.

200 மில்லி டம்ளரால் இட்லி அரிசி 4, முழு வெள்ளை உளுந்து 1, வெந்தயம் ஒரு டீஸ்பூன். அரிசியை இரண்டு மூன்று தண்ணீர் கழுவி ஊறப்போட 4 மணி நேரம். வெந்தயத்தைத் தனிக் கிண்ணத்தில் அப்போதே போட்டுவிடுங்கள். உளுந்து ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும். அரிசியோடு சேர்த்து மத்தியானமே ஊறப்போட்டால் உபரி காணாது. டிரம்மில் முதலில் அரை டம்ளர் தண்ணீர், சுவிட்ச், அதன் பிறகு வெந்தயமும் உளுந்தும் கைப்பிடி கைப்பிடியாக. கல் நின்றிருக்கும்போது மொத்தத்தையும் கொட்டிவிட்டு சுவிட்ச் போடுவதுதான் புதியவர்கள் செய்கிற முதல் தப்பு, கல் சிக்கும், பெல்ட் வழுக்கி ரப்பர் கருகுகிற வாடை வரும். பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் தெளிக்க வேண்டும். முப்பது நிமிடத்தில் மொத்தம் ஒன்றரை டம்ளர், புது உளுந்தாக இருந்தால் இன்னும் கால் டம்ளர் பிடிக்கும். வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர். தண்ணீரில் கஞ்சத்தனம் காட்டினால் மாவு சூடேறும், சூடேறிய உளுந்து இட்லியைக் கல்லாக்கும். பதம் பார்ப்பது எப்படி என்றால், ஒரு கிண்ணம் தண்ணீரில் மாவை ஒரு சொட்டு விடுங்கள். மிதந்தால் ஆயிற்று. மூழ்கினால் இன்னும் ஐந்து நிமிடம். பரம்பரை ரகசியம் இவ்வளவுதான்.

உளுந்தை வழித்துவிட்டுக் கழுவாமல் அப்படியே அரிசி. ஒரு டம்ளர் தண்ணீரில் தொடங்கி, இன்னும் அரை டம்ளர் வரை. இருபது நிமிடத்தில் விரலில் தேய்த்தால் சன்ன ரவை மாதிரி நெருட வேண்டும். தோசைக்கு மட்டும் என்றால் இன்னும் ஐந்து நிமிடம் ஓடட்டும். பொடி உப்பு ஒன்றரை மேஜைக்கரண்டி போட்டு, கையால் அடியிலிருந்து கலக்க வேண்டும். பாத்திரம் மாவைப்போல இரண்டு மடங்கு கொள்ள வேண்டும், பாதிக்கு மேல் நிரப்பினால் விடியற்காலையில் மேடையெல்லாம் மாவு, அதைத் துடைப்பது யார் என்பது தெரிந்ததே. புளிக்க 8 மணி முதல் 10 மணி நேரம், சென்னை மே மாதத்தில் 5, 6 மணி நேரமே போதும், மார்கழிக் குளிரில் 12 மணி நேரத்துக்கு மேலும் ஆகும்.

தாளில் எழுத முடியாதது ஒன்று உண்டு, நினைவு. "அரிசி ஊறப் போட்டீங்களா?" என்றால் "நீ சொல்லவே இல்லையே" என்று பதில் வரும். சொல்வதும் ஒரு வேலைதான் என்பது அந்தப் பதிலில் இல்லை. மாவு எவ்வளவு மிச்சம், நாளை காலைக்குக் காணுமா, உளுந்து டப்பாவில் எவ்வளவு கிடக்கிறது, இரவு ஆட்டினால் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கியிருக்குமா என்று ஒருவர் தலைக்குள் நாள் முழுக்க ஓடுகிற கணக்குக்கு எந்த கம்பெனியும் மோட்டார் போடவில்லை. இதை உண்மையிலேயே பங்கு போட வேண்டுமென்றால், ஒரு நாளை ஒருவருக்கு என்று முழுசாக விட வேண்டும். புதன் அவருடையது என்றால், உளுந்து தீர்ந்ததைக் கவனிப்பதிலிருந்து டிரம்மைக் கவிழ்ப்பது வரை அவருடையது. முதல் இரண்டு ஈடு இட்லி சப்பையாக வரலாம். வரட்டும். "விடுங்க, நானே பண்ணிக்கறேன்" என்று மூன்றாவது வாரம் யார் பிடுங்கிக்கொண்டாலும் ஏற்பாடு அங்கே முடிந்தது. ஆண்கள் பலரும் அந்த மூன்றாவது வாரத்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை என்பதும் கவனிக்க வேண்டிய விஷயம். வேலைக்குப் போகிற பெண்ணின் கிரைண்டர் பெரும்பாலும் ஞாயிறு மத்தியானம் ஓடும், இல்லையென்றால் இரவு ஒன்பது மணிக்கு மேல். டைமர் வைத்த மாடல்கள் இங்கே கொஞ்சம் உதவும். குறித்த நிமிடத்தில் தானே நின்றுவிடும் என்பதால் அரிசியைப் போட்டுவிட்டு வேறு அறைக்குப் போகலாம். உளுந்துக்கு அதனால் பயனில்லை, தண்ணீர் தெளிக்க ஆள் நின்றே ஆக வேண்டும். 500 ரூபாய்க்குள் கூடுதல் என்றால் வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம், போனில் அலாரம் போதும்.

கூடவே தருகிற தேங்காய்த் துருவியும் சப்பாத்தி மாவு பிசையும் கம்பியும் "மேடத்துக்கு வசதி" என்று கணக்கில் ஏறும். பெரும்பாலும் பரணுக்குப் போகும். ஒரு மூடித் தேங்காய்க்காக டிரம்மைக் கழற்றி, துருவியை மாட்டி, பிறகு இரண்டையும் கழுவுகிற நேரத்தில் அரிவாள்மணையில் இரண்டு தேங்காய் துருவிவிடலாம். சும்மா வந்தால் சரி.

பழுதுகளில் பெரும்பாலானவை சின்னவை. ஆனால் சின்னப் பழுதை யார் தன் உடம்பால் ஈடுகட்டுகிறார் என்று பார்க்க வேண்டும். வைப்பர் தேய்ந்தால் மாவு டிரம் ஓரத்தில் ஏறி ஒட்டிக்கொள்ளும், கல்லுக்குள் விழாது. உடனே கையோ கரண்டியோ உள்ளே போகும், ஓடுகிற மெஷினில் ஓரத்து மாவை நிமிடத்துக்கு ஒரு தடவை தள்ளிவிட. ஆட்டுக்கல்லின் இடது கை திரும்பி வந்துவிட்டது. விரல் கல்லுக்கும் டிரம்முக்கும் நடுவில் மாட்டினால் நகம் மிஞ்சாது. வைப்பர் மிக மலிவான பாகம். வாங்கும்போதே ஒன்று கூடுதலாக வாங்கி வைத்துவிடுங்கள். "இன்னும் ஓடுதே" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர் பொதுவாக அதில் கை விடாதவர்.

சுவிட்ச் போட்டதும் 'ங்ம்ம்' என்ற உறுமலோடு கல் சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள். அநேகமாக கெப்பாசிட்டர் போயிருக்கும். எலக்ட்ரீஷியன் சில நூறு ரூபாய்க்குள் மாற்றிவிடுவார். கையால் டிரம்மைச் சுற்றிவிட்டு ஓடவைக்கிற வித்தை சிலருக்குத் தெரியும், அதில் மோட்டார் வைண்டிங் சூடேறிக் கருகும், பிறகு செலவு ஆயிரங்களில். வேகம் குறைந்து கல் திணறினால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது வோல்டேஜ் குறைவு. மாவில் கறுப்புக் கோடு வந்தால் உருளைக் கல்லின் புஷ் தேய்ந்து தண்டோடு உரசுகிறது என்று அர்த்தம். அந்த மாவைக் கொட்டிவிட வேண்டியதுதான், மேலாக வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை வார்ப்பது வேண்டாம். வருடக்கணக்கில் ஓடிக் கல் வழவழப்பாகிவிட்டால் அரைக்க நேரம் இழுக்கும், கல் கொத்தித் தருகிற ஆள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார். கொத்திய பிறகும், புது மெஷினிலும், ஒரு பிடி அரிசியைத் தண்ணீரோடு பத்து நிமிடம் ஆட்டிக் கொட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று தடவை, மாவில் சாம்பல் நிறம் போகும் வரை. சோப்பு அதிகம் வேண்டாம், கல் வாடையைப் பிடித்துக்கொள்ளும். தேங்காய் நார் பிரஷும் தண்ணீரும் போதும். மோட்டார் இருக்கிற அடிப்பாகத்தைக் குழாயில் காட்டவே கூடாது, ஈரத்துணிதான். முதல்முறை கழுவ வந்த ஆண் செய்கிற இரண்டாவது தப்பு இது. அதைச் சாக்காக வைத்து அவரை அனுப்பிவிடாதீர்கள், அதையும் தாளில் எழுதிவிடுங்கள்.

செலவுக் கணக்குப் பார்த்தால் மின்சாரம் ஒரு பொருட்டே இல்லை. 150 வாட்ஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 0.15 யூனிட். வாரம் மூன்று தடவை ஆட்டினாலும் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய நான்கு யூனிட்தான். கணக்கில் வராதது ஆள்கூலி. கழுவி ஊறப்போட, தண்ணீர் தெளித்து நிற்க, வழிக்க, கழுவ, துடைக்க என்று ஓர் ஈட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று வைத்தால் வாரத்துக்கு நான்கு மணி நேரத்தை நெருங்கும். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொத்து வழக்கில், குடும்பத்தலைவி வீட்டு வேலை பார்த்ததும் கணவர் சொத்துச் சேர்க்க உதவிய பங்களிப்புதான், அதில் அவருக்குச் சமபங்கு உண்டு என்றது. அதே வருடம் செப்டம்பர் 15 அன்று, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கிய அதே தேதியில், மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. தெருமுனையில் பெரிய டில்டிங் கிரைண்டர் போட்டு மாவு விற்கிற அக்காவுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். அவரிடம் வாங்கினால் 'கடை மாவு வாங்குற வீடு' என்று ஒரு பேச்சு வரும். வாங்குகிற வீட்டில் ஆணும் சாப்பிடுகிறார், பேச்சு மட்டும் பெண்ணுக்கு. வாரத்துக்கு ஒரு தடவைதான் இட்லி என்கிற இரண்டு பேர் வீட்டுக்கு 2 லிட்டர் கிரைண்டரே தேவையில்லை. அக்காவிடம் வாங்குங்கள். நான்கு பேருக்கு மேல், வாரம் மூன்று நாள் இட்லி தோசை என்றால் கிரைண்டர் போட்ட காசை எடுத்துவிடும்.

மார்க் போடுவதென்றால், அரைப்புக்கு பத்துக்கு ஒன்பது. உழைப்புக்கு எட்டு, பெல்ட்டும் வைப்பரும் பார்த்துக்கொண்டால் பத்து வருடம் சாதாரணமாக ஓடும். கழுவ எளிமைக்கு சாதா மாடலுக்கு ஆறு, டில்டிங்குக்கு நான்கு. புதிதாக ஒருவர் கையில் கொடுத்தால் செய்ய முடிகிறதா என்பதற்கு மூன்று மார்க்குக்கு மேல் இரண்டுக்குமே தர மனம் வரவில்லை. கூட வருகிற புத்தகத்தில் மோட்டார் படம் இருக்கிறது, வயரிங் படம்கூடச் சிலவற்றில் இருக்கிறது, எத்தனை டம்ளருக்கு எவ்வளவு தண்ணீர் என்று இருக்காது. அது 'லேடீஸுக்குத் தெரியும்' என்ற நினைப்பு.

பில் போடும்போது ஒரு சின்ன விஷயம். வாரண்டி அட்டையில் சாருடைய பெயரும் போன் நம்பரும்தான் வழக்கமாக ஏறும். ஆறு மாதம் கழித்து சர்வீஸ் ஆள் அந்த நம்பருக்குக் கூப்பிட்டு, "மாவு கறுப்பா வருதா சார், இல்ல கல் சிக்குதா?" என்பார். சார் ஆபீசிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு, திரும்ப அவரைக் கூப்பிட்டு, ஒன்றைச் சொன்னால் ஒன்றைக் கேட்டு, ஒரு நாள் போகும். ஊறப்போட்ட உளுந்து அதுவரை தாங்காது. கிரைண்டரில் கை வைக்கிறவர் நம்பரை எழுதச் சொல்லுங்கள். அது சாருடைய நம்பராகவே இருந்தால் ரொம்ப நல்லது.